பதினான்காம் பிளாக்கில் பழம்

3

காலை பதினொன்றேகாலுக்கு மாநாட்டு அரங்கின் திரையில் ஒரு வரி வந்தது.

'நாளை 14-ஆம் பிளாக்கில் பழம் வெட்டவும்.'

முந்நூறு பேர் அதைப் படித்தார்கள். முதலில் பின்வரிசை சிரித்தது. அங்கே தோட்டத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முன்வரிசையும் சிரித்தது. பதினான்காம் பிளாக்கில் சென்ற வருடம்தான் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்திருந்தார்கள். அங்கே எண்ணெய்க்கான செம்பனை இடுப்பு உயரம். குலை தள்ள இன்னும் காலம் இருக்கிறது.

மேடையில் நின்ற சுதர்சன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரியை எழுதியது அவன் செய்த கருவி. பெயர் 'ஒருவரி'. ரந்தாவ் பக்கத்துச் செருலிங் தோட்டத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலாயிரம் செய்திகள் வரும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள், லோரிக்காரர்கள், எடைமேடை, மழைமானி, எல்லாம். கருவி அத்தனையையும் படித்து, நாளைக்கு எங்கே வெட்டுவது என்று ஒரே வரியில் சொல்லும். 'நான் எதையும் அழிப்பதில்லை' என்று சற்று முன் அவன் சொன்னதற்குக் கைதட்டல் வந்திருந்தது. கருவி ஆறு வருடமாகச் சொல்லி வருகிறது. இன்றுதான் முதல் தடவையாக ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னது.

பகல் பன்னிரண்டு மணிக்கு, மாநாடு நடந்த அதே சிரம்பான் ஹோட்டலின் காப்பிக் கடையில், சுதர்சனின் மனைவி அக்ஷரா துப்பறியும் யோகேந்திரனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். காப்பியைத் தொடவில்லை.

"பேரு ரதி. தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, கணக்கு எழுதறவ. நேத்து சாயங்காலம் ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவுல அவ பேருல இருநூத்திப் பன்னெண்டு செய்தி வந்திருக்கு. எல்லாம் பதினாலுல பழம் பழுத்துக் கெடக்குன்னு. படத்தோட. கருவி அதை நம்பிருச்சு."

"தெரிஞ்சுபோச்சே," என்றான் யோகேந்திரன். "அப்புறம் நான் எதுக்கு?"

"செய்யலைன்னு சொல்றா. மேனேஜர் அமிர்தலிங்கம் யோசிக்கிறாரு. நாலு மணிக்குத்தான் முடிவு சொல்வாராம். லெட்டர் டைப் பண்ணியாச்சு, கையெழுத்து பாக்கி. அவதான் செஞ்சான்னு நீங்க உறுதியாச் சொல்லணும்."

"கையெழுத்துப் போட்டா?"

"வேலை போயிரும். வேலையோட வந்த குவார்ட்டர்ஸும் போயிரும். போகட்டும்."

யோகேந்திரனின் உதவியாளர் திலகா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். செனாவாங் தொழிற்பேட்டையில் ஒன்பது வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவள். யார் பொய்யாக மெடிக்கல் லீவு கேட்கிறார்கள் என்று வாசல் தாண்டும் நடையிலேயே சொல்வாள். மாநாட்டில் கொடுத்த பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகவல் அளவுக்கு மிஞ்சிப் போச்சுன்னு சொல்றதுக்கு நூத்தி நாப்பது பக்கத்துல ஒரு புத்தகம் குடுத்திருக்காங்க, பாஸ்."

அக்ஷரா அவளைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஏன் செய்யணும்?" என்றான் யோகேந்திரன்.

"பொறாமை. போஸ்டர்ல என் வீட்டுக்காரர் பேரு மட்டும் இருக்கு. அவளுக்கு அழைப்புகூட இல்ல."

"ஆறு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாக்கறாங்களா?"

"காலையில ஆறு மணிக்கு எழுந்ததும் அவளுக்குத்தான் போன். அப்புறம்தான் என்கிட்ட பேச்சு."

அவள் குரல் மாறவில்லை. கையில் இருந்த காகிதத் துடைப்பான் எட்டாக மடிந்திருந்தது.

காருக்கு நடக்கும்போது திலகா சொன்னாள்: "பொறாமை அந்தப் பக்கம்னு சொல்றாங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் வாடை அடிக்குது."

"தோட்டத்துக்குப் போவோம்," என்றான் யோகேந்திரன்.

ரந்தாவ் தாண்டி இருபது நிமிடம். பதினான்காம் பிளாக் சாலையோரமாகவே இருந்தது. வரிசையாகச் சின்னச் செம்பனைகள். திலகா இறங்கி ஒரு கன்றின் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் இடுப்புக்கு வந்தது.

"இதுல பழம் வெட்டணும்னா படுத்துக்கிட்டுத்தான் வெட்டணும்."

தோட்டத்து ஆபீஸில் ரதி தனியாக இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் முன்னால் மேசையில் ஒரு டேப்லெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கண்ணே. அந்தம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா. நீதான் செஞ்சேன்னு நான் சொல்லணுமாம்."

"சொல்லிட்டுப் போங்க. எல்லாரும் சொல்லியாச்சு."

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்தே?"

"அஞ்சு மணிக்கு டேப்லெட்ட இந்த அலமாரியில பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன். தினமும் அப்படித்தான். சாட்சி கேட்டா இல்ல. எங்கம்மா இருந்தாங்க, அம்மா சாட்சி செல்லாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"காலையில எடுத்துப் பாத்திருப்பியே? இருநூத்திப் பன்னெண்டு செய்தி கண்ணுல படலையா?"

ரதி கவிழ்த்து வைத்த டேப்லெட்டைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தொறக்கல. சுதர்சன் சார் நேத்து மத்தியானம் போன் போட்டாரு. நாளைக்கு ஒண்ணும் அழிக்காதே, ஒண்ணும் தொடாதே, கருவியே பாத்துக்கும், நீ லீவு எடுத்துக்கோன்னாரு. லீவு எடுக்கல. பெரட்டுக்கு யாராவது நிக்கணுமே."

விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது பெரட்டு. ஆறு வருடமாக அவள்தான் நிற்கிறாள்.

"அழிக்காதேன்னா? நீ எதை அழிப்பே?"

"எல்லாத்தையும்," என்றாள் ரதி. "நாலாயிரம் வருதுண்ணே. லோரிக்காரன் டயர் படம் அனுப்புவான். மண்டோர் பேரப்புள்ள பொறந்த நாளுக்குக் கேக் படம் அனுப்புவாரு. ஒரே பிளாக்கப் பத்தி அஞ்சு பேரு அஞ்சு விதமாச் சொல்வாங்க. பெரட்டுல மூஞ்சியப் பாத்தா யாரு நேருல போய்ப் பாத்துட்டு வந்தவன், யாரு மோட்டார்ல உக்காந்துக்கிட்டே எழுதினவன்னு தெரிஞ்சிரும். சந்தேகம்னா நானே போய்ப் பாப்பேன். மிச்சத்த அழிச்சிருவேன்."

யோகேந்திரன் தன் கைப்பேசியை நீட்டினான். அக்ஷரா அனுப்பியிருந்த படங்களில் ஒன்று. சாலையோர மேடையில் செம்பனைக் குலைகள் பத்துப் பத்தாக அடுக்கியிருந்தன. வெட்டிய காம்புகளில் சிவப்புப் பென்சிலால் 31 என்று எழுதியிருந்தது.

ரதி இரண்டு விநாடி பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இத எதுக்கு எனக்குக் காட்டறீங்க?"

"உன் பேருல வந்த படம். பதினாலுல நாளைக்கு வெட்டணும்னு சொல்ற படம்."

"வெட்டியாச்சே."

"என்னது?"

"இது வெட்டின குலைண்ணே. நாளைக்கு வெட்டணும்னா மரத்துல இருக்கறத எடுக்கணும், அடியில உதிரிப் பழம் கெடக்கறத எடுக்கணும். வெட்டி அடுக்கினதக் காட்டி வெட்டணும்னு எந்தக் கிராணி எழுதுவா? சோறு தின்ன எலையக் காட்டிப் பசிக்குதுங்கற மாதிரி இருக்கு."

திலகா எட்டி அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு?" என்றான் யோகேந்திரன்.

"வெட்டினவன் நம்பர். காம்புல அவனவன் நம்பர எழுதி வைப்பாங்க, கணக்குப் பாக்க. முப்பத்தொண்ணு இந்தோனேசியா லொம்போக்காரப் பையன். ஊருக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. அந்த நம்பர யாருக்கும் குடுக்கல. இது பழைய பதினாலு. மரம் சாய்க்கறதுக்கு முன்ன எடுத்தது."

"அந்தப் படம் உன்கிட்ட இருக்கா?"

"எப்பவோ அழிச்சிட்டேன்."

அவன் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"சுதர்சன் மேல உனக்குக் கோபம் இருக்கா? போஸ்டர்ல பேரு போடலைன்னு?"

"இருக்கு," என்றாள் ரதி. "நாலு நாளா இருக்கு. பேரு போடுன்னு நான் கேட்டதில்ல. ஆனா பாத்ததும் எரிஞ்சுது. அதுக்காகப் பழத்துல பொய் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும் வழியில் திலகா ஆரம்பித்தாள்.

"முடிஞ்சுது லா, பாஸ். தோட்டம் தெரியாத ஆள். பழைய படம் கைக்கு எட்டற ஆள். ரதி போகணும்னு நினைக்கற ஆள். வீட்டுக்காரர் லேப்டாப் வீட்டுலதான் இருக்கும், பாஸ்வர்டு கல்யாண நாளா இருக்கும். நம்ம கட்சிக்காரரே குற்றவாளி. தொழில்ல இது எனக்கு முதல் அனுபவம்."

"நல்லாத்தான் இருக்கு."

"இருக்குன்னா அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு," என்றான் யோகேந்திரன். "அது மட்டும் உதைக்குது."

ஹோட்டல் வாசலில் அவளை நிறுத்தி வேறொன்றும் கேட்டான். "நீ ஒருத்தர்மேல பொறாமைப்பட்டா என்ன செய்வே?"

"பேஸ்புக்ல பூந்து பழைய போட்டோ எல்லாம் பாப்பேன்."

"எத்தனை?"

"எல்லாத்தையும்."

அவன் தலையாட்டினான். ஒரு காலத்தில் அவனும் ஒருத்தியின் தொலைபேசி பில்லை வரி வரியாக மனப்பாடம் செய்திருக்கிறான். எந்த எண், எத்தனை நிமிடம். இன்றும் கேட்டால் சொல்வான். அதைத் திலகாவிடம் சொன்னதில்லை.

மூன்றரை மணி. இரண்டாம் மாடியில் ஒரு சிறிய கூட்ட அறை. மேனேஜர் அமிர்தலிங்கம் மேசைத் தலைமாட்டில் இருந்தார். அவர் முன்னால் ரதியின் வேலைநீக்கக் கடிதம், அதன்மேல் பேனா. ஒரு பக்கம் சுதர்சன், திறந்த லேப்டாப்போடு. அதே பக்கத்தில் தள்ளி அக்ஷரா. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இரண்டு நாற்காலிகள் காலி.

"சொல்லுங்க," என்றார் மேனேஜர். "நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

யோகேந்திரன் அந்தப் படத்தைச் சுதர்சனிடம் நீட்டினான். "இதுல என்ன தப்பு?"

சுதர்சன் படத்தைப் பெரிதாக்கினான், சிறிதாக்கினான். "கோப்போட தேதிய மாத்தியிருக்காங்க. அளவும் சுருக்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்தா எந்தப் போன்லருந்து எடுத்ததுன்னு சொல்வேன்."

அக்ஷராவிடம் நீட்டினான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. பழம்."

மேனேஜர் கை நீட்டி வாங்கினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வெட்டின குலை," என்றார். "காலையில இத ஏன் எனக்கு யாரும் காட்டல?"

"இருநூத்திப் பன்னெண்டுன்னு எண்ணிக்கைதான் காட்டினாங்க," என்றான் யோகேந்திரன். "படத்த யாரும் பாக்கல. தோட்டத்துல ஆறு வருஷம் கிராணியா இருக்கறவ இந்தப் படத்த அனுப்ப மாட்டா. இதுல இருக்கறது போன வருஷம் சாய்ச்ச மரத்துப் பழம். ரெண்டு வருஷத்துக்கு முந்தின படம். ரதி அன்னிக்கே அழிச்சிட்டா. இன்னிக்குக் காலையில மேடையில ஒருத்தர் சொன்னாரு, 'நான் எதையும் அழிப்பதில்லை'ன்னு. கைதட்டல்கூட வந்துது."

"பழைய படம் இருக்கற சேமிப்பு என்னோடது," என்றான் சுதர்சன். "அதைத் தொறக்கறது நான் மட்டும் இல்ல." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான்.

அக்ஷராவின் முகம் வெளுத்தது.

"வாஸ்தவம்," என்றான் யோகேந்திரன். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். ரதி ஒரு நாளைக்கு எத்தனை செய்தி அனுப்புவாங்க? சார் முதல்ல."

"சரியா பாக்கணும். சராசரியா நாப்பது, அம்பது இருக்கும்."

"மேடம்?"

அக்ஷரா உடனே சொன்னாள். "மூணு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு."

சுதர்சன் திரும்பினான்.

"என்ன எழுதுவாங்க?"

"'ஒன்பது வெட்டலாம்.' 'ஆறு பழுக்கல.' 'பாலம் ஒடஞ்சுருச்சு, லோரி வேணாம்.'" அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆறு வருஷத்துதையும் படிச்சேன். அவரு தூங்கினப்புறம். ஒரு நாளாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டிருப்பான்னு தேடினேன். இல்ல. படம்கூட அனுப்ப மாட்டா."

"ரதி பேருல பொய் எழுதணும்னா மேடம் எத்தனை எழுதியிருப்பாங்க?" என்றான் யோகேந்திரன். "ஒண்ணு. ரெண்டே வார்த்தை. படம் இல்லாம. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. பொறாமைப்படறவங்க கவனமாப் படிப்பாங்க. இருநூத்திப் பன்னெண்டு அனுப்பினவரு ரதியப் படிச்சதே இல்ல. நெறைய இருந்தா நம்புவாங்கன்னு நினைக்கறவரு."

திலகா மெதுவாகச் சொன்னாள்: "நான் வாபஸ் வாங்கிக்கறேன், மேடம்." அவள் எதை வாபஸ் வாங்குகிறாள் என்று அக்ஷராவுக்குப் புரியவில்லை.

சுதர்சன் லேப்டாப்பை மூடினான். "நான் ஏன் என் டெமோவ நானே கெடுத்துக்கணும்?"

"கெடுக்கணும்னு நினைக்கலையே. ஜெயிக்கணும்னுதான் நினைச்சீங்க. ரதி பேருல ஒரு பெரிய முட்டாள்தனம் வரணும். ஊரே பாக்க உங்க கருவி அதைக் கண்டுபிடிச்சுத் தள்ளணும். கிராணி தப்புப் பண்ணா, கருவி காப்பாத்திச்சு. அதுக்கப்புறம் ரதி எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் மறுநடவு பண்ணின பிளாக்கா எடுத்தீங்க. அதுக்குத்தான் ஒண்ணும் அழிக்காதே, லீவு எடுத்துக்கோன்னு அவளுக்குப் போன் போட்டீங்க."

மேனேஜர் கையிலிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"போன மாசம் என் வீட்டு விருந்து," என்றார் மேனேஜர் யோசித்தபடி. "எல்லாரும் இருந்தாங்க. விளையாட்டாத்தான் சொன்னேன். கருவி சொன்னாலும் ரதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவேன்னு."

"அன்னிக்கு அவரு வீட்டுக்கு வந்தும் பேசல. விடிய விடியத் தூங்கல," என்றாள் அக்ஷரா. "நான் அவ நினைப்புன்னு நினைச்சேன்."

"அவ நினைப்புதான்," என்றான் யோகேந்திரன்.

சுதர்சன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

"எட்டு வருஷம் படிச்சேன். ஆறு வருஷம் கட்டினேன். எங்க போனாலும், ரதி என்ன சொன்னா. ரதி பாத்தாளா. பெரட்டுல மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிருமாம். அதை நான் எப்படிக் கருவிக்குள்ள வைக்கறது?"

"சோதிச்சுப் பாக்கலையா?" என்றான் யோகேந்திரன். "மேடை ஏறறதுக்கு முன்ன?"

"பாத்தேன். மத்த ஆளுங்க பேருல பொய்ச் செய்தி போட்டுப் பாத்தேன். இருநூறு, முந்நூறு. அத்தனையும் தள்ளிச்சு. அவ பேருல மட்டும் போட முடியல. போட்டா அவ டேப்லெட்ல தெரியும்."

"இன்னிக்கு ஏன் தள்ளல?"



"மத்தியானம் பூரா அதைத்தான் பாத்தேன். உள்ள என்ன நடக்குதுன்னு. நாலாயிரம் செய்தியும் உள்ள போகுது. கடைசியில... அவ பேரு இருக்கறத எடுத்துக்குது. மத்தத விட்டுடுது. பிளாக் நம்பர், மறுநடவு, மழை, எதையும் பாக்கறதில்ல. ஆறு வருஷத்துல அது கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

"நாலாயிரத்துல மூணு," என்றாள் திலகா. "கருவி கெட்டிக்காரத்தனமாத்தான் இருக்கு, சார். யாரக் கேக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு. மேனேஜர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அக்ஷரா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, மற்றக் கையால் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ரதி, நான்தான். டேப்லெட்டத் தொற. அந்தப் பதினாலு குப்பைய எல்லாம் அழி." கொஞ்ச நேரம் கேட்டார். "ஆமா, அழி. நான் சொல்றேன். நாளைக்குப் பெரட்டுக்கு நீதான் நிக்கற. வீட்டுச் சாமானக் கட்டாதேன்னு அம்மாகிட்டச் சொல்லு." மறுபடி கேட்டார். "சரி. எங்க வெட்டறது?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. நீளமான பதில் இல்லை. மேனேஜர் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு எண்ணை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுதர்சன் ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தான். அவன் கண் அந்தச் சட்டைப்பையில் இருந்தது.

"எந்த பிளாக்காம்?" என்றான்.

அக்ஷரா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவளையே கேளுங்க," என்றாள்.